மன்னிப்புக் கேட்டார்கள், கதவைத் திருப்பித் தந்தார்களா?

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'படுகொலைக்குப் பிறகு நல்லிணக்கம்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இந்த நல்லிணக்கம் என்ற சொல்லோடு எனக்குக் கொஞ்சம் பிணக்கு உண்டு. தமிழில் இந்தச் சொல் அரசியல் சொல்லாக நம் காதில் பலமாக விழுந்தது 2010-க்குப் பிறகு. போரை முடித்த இலங்கை அரசு, தானே ஓர் ஆணைக்குழுவை அமைத்து, அதற்குக் 'கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு' என்று பெயர் வைத்தது. வென்றவர் வாயிலிருந்து முதலில் வந்த சொல் என்பதால், அதைக் கேட்டாலே சொல்வது யார் என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

என் ஆய்வு சாதி வன்கொடுமை வழக்குகள் பற்றியது. குறிப்பாக, வழக்குப் பதிவாவதற்கும் தீர்ப்பு வருவதற்கும் நடுவில் நடக்கும் சமாதானக் கூட்டங்களைப் பற்றியது. ஆனால் இன்றைக்குப் பெரும்பகுதி நேரம் ருவாண்டாவைப் பற்றித்தான் பேசப்போகிறேன். காரணம் இருக்கிறது. சமாதானக் கூட்டங்களைப் பற்றிப் பேசினாலே, நன்கு படித்த நண்பர்கள்கூட "ருவாண்டாவில் பத்து லட்சம் பேர் செத்தும் மன்னித்து ஒன்றாக வாழ்கிறார்களே, நம்மால் முடியாதா?" என்று கேட்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். அங்கே உண்மையில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம்.

1994 ஏப்ரல் 7-ஆம் தேதி தொடங்கி ஏறக்குறைய நூறு நாட்கள். கொல்லப்பட்டவர்கள் எட்டு லட்சம் பேர் என்று ஒரு கணக்கு, பத்து லட்சத்துக்கும் மேல் என்று ருவாண்டா அரசின் கணக்கு. பெரும்பாலானவர்கள் டுட்சிகள். கொலையை எதிர்த்த ஹூட்டுகளும் கொல்லப்பட்டார்கள். இரு சமூகத்துக்கும் ஒரே மொழி, பெரும்பாலும் ஒரே மதம், ஒரே குன்றுகளில் அடுத்தடுத்த வீடுகள். பெல்ஜிய ஆட்சி 1930-களில் அடையாள அட்டையில் யார் ஹூட்டு, யார் டுட்சி என்று அச்சடித்துக் கொடுத்தது. 1994-இல் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் ஒருவரைப் போகவிடுவதா, வெட்டுவதா என்று முடிவு செய்தார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டுட்சிகளை நம்மூர் தலித் மக்களோடு அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். காலனி ஆட்சி மேலே தூக்கி வைத்திருந்தது டுட்சிகளைத்தான். 1959-க்குப் பிறகு அவர்கள் திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டார்கள், நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். நான் இரண்டு சமூகங்களை ஒப்பிடவில்லை. கொலைக்குப் பிறகு என்ன ஏற்பாடு செய்தார்கள் என்பதை மட்டும் ஒப்பிடுகிறேன்.

கொன்றவர்களில் ராணுவமும் இன்டரஹாம்வே என்ற ஆயுதக் குழுவும் உண்டு. ஆனால் மிகப் பலர் சாதாரண விவசாயிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள். அதனால்தான் போருக்குப் பின் சிறைகளில் ஏறக்குறைய 1,20,000 பேர் அடைக்கப்பட்டிருந்தார்கள். நீதிபதிகளில் பலர் கொல்லப்பட்டிருந்தார்கள் அல்லது ஓடிப்போயிருந்தார்கள். ஐ.நா. அமைத்த பன்னாட்டுத் தீர்ப்பாயம் பக்கத்து நாடான தான்சானியாவில், அருஷா நகரத்தில் உட்கார்ந்து மொத்தமே 93 பேர் மீதுதான் குற்றம் சாட்டியது. மிச்சமிருப்பவர்களை என்ன செய்வது?

அப்போதுதான் கச்சாச்சா வந்தது. புல்தரை என்பது அந்தச் சொல்லோடு ஒட்டிய பொருள். ஊர்ப் பெரியவர்கள் புல்தரையில் உட்கார்ந்து ஆடு மாடு, வரப்புத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் பழைய வழக்கம். நம்மூர் ஆலமரத்தடி மாதிரி என்று உடனே தோன்றும். ஆனால் அரசு அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, சட்டம் போட்டு, ஏறக்குறைய 12,000 மன்றங்களை உருவாக்கியது. நீதிபதிகளை ஊர் மக்களே தேர்ந்தெடுத்தார்கள். சட்டம் படித்தவர்கள் தேவையில்லை, சம்பளம் கிடையாது, வக்கீல் கிடையாது. 2002-இல் சோதனையாகத் தொடங்கி, 2005-இல் நாடு முழுக்க விரிந்து, 2012 ஜூன் 18-இல் முடித்துவைத்தார்கள். விசாரித்த வழக்குகள் 19 லட்சத்து 58 ஆயிரத்துக்கும் மேல்.

இந்த மன்றங்களின் மையத்தில் இருந்தது ஒப்புதல். குற்றம் செய்தவர் ஊர் முன்னால் எழுந்து நின்று, என்ன செய்தேன், யாரோடு சேர்ந்து செய்தேன், உடலை எங்கே போட்டேன் என்று சொல்ல வேண்டும். பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒப்புதல் ஏற்கப்பட்டால் தண்டனை குறையும். மீதித் தண்டனையிலும் ஒரு பகுதியைச் சாலை போடுவது, வீடு கட்டுவது போன்ற பொதுவேலையாகக் கழிக்கலாம்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது, "உடலை எங்கே போட்டேன்" என்பதைச் சொல்ல வேண்டும் என்ற விதி. மலக்குழியிலும் சதுப்பு நிலத்திலும் கிடந்த எலும்புகளைப் பிள்ளைகளும் மனைவிகளும் எடுத்து வந்து அடக்கம் செய்ய முடிந்தது இந்த விதியால்தான். கச்சாச்சாவைக் கடுமையாக விமர்சிப்பவர்கள்கூட இந்த ஒன்றைக் குறைத்துச் சொல்வதில்லை.

குறைகளும் கொஞ்சமல்ல. சாட்சி சொன்ன தப்பிப்பிழைத்தவர்கள் சிலர் கொல்லப்பட்டார்கள். பாலியல் வன்முறை வழக்குகளில் பெரும்பாலானவை 2008-இல் இந்த மன்றங்களுக்கு மாற்றப்பட்டன. மூடிய அறையில்தான் விசாரணை, ஆனாலும் உள்ளே போகிறவள் யார் என்று ஊருக்குத் தெரியாமலா இருக்கும்? இன்னொரு பெரிய ஓட்டை: ஆட்சியைப் பிடித்த ருவாண்டா தேசபக்த முன்னணியின் படைகள் ஹூட்டு மக்களைக் கொன்ற குற்றங்கள் இந்த மன்றங்களின் வரம்புக்குள்ளேயே வரவில்லை. தேசிய ஒற்றுமை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2020-இல் வெளியிட்ட அளவீட்டில் நல்லிணக்கம் 94.7 விழுக்காடு என்று போட்டிருந்தது. 'பிரிவினை பேசுவது' சட்டப்படி குற்றமான ஒரு நாட்டில், வீட்டுக்கு வந்து கேட்கும் கணக்கெடுப்பாளரிடம் "எனக்கு இன்னும் ஆறவில்லை" என்று எத்தனை பேர் சொல்லுவார்கள்? அந்தப் பதின்மப் புள்ளி ஏழைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இனிமேல்தான்.

அந்த 19 லட்சத்துச் சொச்சம் வழக்குகளில் 13 லட்சத்து 20 ஆயிரம் வழக்குகள் சொத்து வழக்குகள். மூன்றில் இரண்டு பங்கு. முதல் முறை இந்தக் கணக்கைப் படித்தபோது நான் நம்பவில்லை, கூட்டிச் சரிபார்த்தேன். உலகமே பேசியது வெட்டுக்கத்திகளைப் பற்றி. மன்றங்களில் அதிகம் விசாரித்ததோ மாடு, கூரை ஓடு, தகரம், கதவு, ஜன்னல், விளைந்து நின்ற காடு. பக்கத்து வீட்டைக் கொன்று முடித்துவிட்டு அந்த வீட்டின் கதவைப் பெயர்த்து வந்து தன் வீட்டில் மாட்டிக்கொண்டார்கள். அந்தக் கதவைத் தினமும் திறந்து மூடினார்கள். தப்பிப்பிழைத்து ஊர் திரும்பிய பெண் தன் வீட்டுக் கதவை அடுத்தவர் வீட்டு வாசலில் பார்த்தாள்.

இதற்குச் சட்டம் சொன்ன தீர்வு, திருப்பிக் கொடு அல்லது ஈடு கட்டு என்பது. சிறை கிடையாது. இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொண்டால் விசாரணையே வேண்டாம். இந்த இடத்தில்தான் எல்லாம் சிக்கியது. மன்னிப்புக் கேட்ட பலர், கையில் காசில்லை என்றார்கள். உண்மையாகவே இல்லாதவர்களும் உண்டு, ஏழை நாடு. கொடுக்க முடிந்தும் இழுத்தடித்தவர்களும் உண்டு. தப்பிப்பிழைத்தவர்களிடம் "அதான் மன்னித்துவிட்டீர்களே, மாட்டையும் விட்டுவிடுங்கள்" என்று சொல்லப்பட்டது. மன்றங்கள் மூடப்பட்ட பிறகும் ஆயிரக்கணக்கான சொத்துத் தீர்ப்புகள் நிறைவேற்றப்படாமல் கிடந்தன. தப்பிப்பிழைத்தவர்களுக்கு இழப்பீட்டு நிதியம் அமைப்போம் என்று 1990-களிலிருந்து பேச்சு இருந்தது. வறியவர்களுக்கு உதவ 1998-இல் ஒரு நிதியம் வந்தது. படிப்புக்கு, மருத்துவத்துக்கு, வீட்டுக்கு உதவியது, உண்மை. ஆனால் அது உதவி. இழந்ததற்கான ஈடாக வரவேண்டிய இழப்பீட்டு நிதியம் வரவேயில்லை.

வாயால் கேட்கும் மன்னிப்புக்குத் தண்டனைக் குறைப்பு உடனே கிடைத்தது. கதவு திரும்பி வரவில்லை. ருவாண்டாவை முன்மாதிரியாகக் காட்டுகிறவர்கள் இந்தக் கதவுக் கணக்கையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

தென்னாப்பிரிக்காவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1996-இல் விசாரணையைத் தொடங்கியது. பொதுமன்னிப்புக் கேட்டு வந்த விண்ணப்பங்கள் 7,000-க்கும் மேல், கிடைத்தது 849 பேருக்கு. முழு உண்மையைச் சொல்ல வேண்டும், குற்றத்துக்கு அரசியல் நோக்கம் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வருந்த வேண்டும் என்றோ, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றோ நிபந்தனை இல்லை. இதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது பரவாயில்லை என்றே தோன்றுகிறது. நடிப்புக் கண்ணீராவது மிச்சம். பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு ஆண்டுகள் ஆண்டுதோறும் தொகை தர வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. அரசு 2003-இல் ஒரே தவணையாக 30,000 ரேண்ட் என்று முடித்துக்கொண்டது. அதுவும் ஆணையத்தின் பட்டியலில் இருந்தவர்களுக்கு மட்டும். நிலம் பெரும்பாலும் யார் கையில் இருந்ததோ அவர்கள் கையிலேயே இருந்தது.

ஆக, ருவாண்டாவில் கொலைகார அரசு தோற்று ஓடியது, ஆட்சி கைமாறியது. தென்னாப்பிரிக்காவில் ஆட்சி கைமாறியது, சொத்து மாறவில்லை. ஆட்சி கைமாறியதால்தான் குற்றம் செய்தவர் எழுந்து நின்று பேச வேண்டிய கட்டாயமாவது வந்தது. இப்போது நம்மூருக்கு வருவோம்.

கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நிலக்கிழார்களைக் கீழமை நீதிமன்றம் தண்டித்தது, 1973-இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. ஆந்திராவின் சுண்டூரில் 1991 ஆகஸ்ட் 6 அன்று எட்டு தலித்துகள் கொல்லப்பட்டு, உடல்கள் சாக்கில் கட்டிக் கால்வாயில் வீசப்பட்டன. நீதிமன்றம் எங்கள் ஊருக்கு வர வேண்டும் என்று பாதிக்கப்பட்டவர்கள் போராடி, குற்றம் நடந்த ஊரிலேயே சிறப்பு நீதிமன்றத்தை அமைக்கவைத்தார்கள். 2007-இல் 21 பேருக்கு ஆயுள் தண்டனை. 2014-இல் உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. பீகாரின் லட்சுமண்பூர் பாதேயில் 1997-இல் 58 பேர். அங்கேயும் 2010-இல் தண்டனை, 2013-இல் விடுதலை. இந்த ஊர்களில் எதிலும் ஆட்சி கைமாறவில்லை, நிலம் கைமாறவில்லை, காவல் நிலையம் கைமாறவில்லை. அடுத்த நாள் கூலி வேலைக்கு யாரிடம் போக வேண்டுமோ, அவரே எதிரி.

மேலவளவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்காக முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை. அவர்களில் மூன்று பேர் 2008-இல் அண்ணா நூற்றாண்டையொட்டி முன்கூட்டியே விடுதலையானார்கள். 13 பேர் 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி வந்த அரசாணையின்கீழ் விடுதலையானார்கள். ருவாண்டாவில் தண்டனைக் குறைப்பு வேண்டுமென்றால் ஊர் முன்னால் நின்று ஒப்புக்கொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்காவில் உண்மையைச் சொல்ல வேண்டும். நம்மூரில் ஒரு தலைவரின் பிறந்தநாள் போதும். இரண்டு பெரிய திராவிடக் கட்சிகளுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை இங்கே உட்கார்ந்திருக்கும் கட்சித் தோழர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

சமாதானக் கூட்டங்கள் இதைவிடச் சின்ன அளவில், ஆனால் ஏறக்குறைய எல்லா வன்கொடுமை வழக்குகளிலும் நடக்கின்றன. முறை என்னவென்றால், தலித் தரப்பு புகார் கொடுத்த ஓரிரு நாளில் எதிர்த்தரப்பிலிருந்து ஒரு எதிர்வழக்கு வரும். கல்லூரி படிக்கும் பையன்களின் பெயர்களாகப் பார்த்துச் சேர்த்திருப்பார்கள். கடையில் பால், மளிகை தரமாட்டார்கள், வயல் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள். பத்து, பதினைந்து நாள் கழித்து வட்டாட்சியர் அலுவலகத்திலோ கோட்டாட்சியர் அலுவலகத்திலோ கூட்டம் போடுவார்கள். திருவிழா வருகிறது, ஊர்ப் பெயர் கெடுகிறது, பையன்களின் எதிர்காலத்தைப் பாருங்கள், நீங்களும் வாபஸ் வாங்குங்கள், அவர்களும் வாபஸ் வாங்குவார்கள் என்பார்கள்.

என் ஆய்வுக்காக இப்படிக் கையெழுத்தான தாள்களைச் சேகரித்து வருகிறேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. எல்லாத் தாள்களும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. 'இரு தரப்பினருக்கும் இடையே விரும்பத்தகாத சம்பவம் நடந்துவிட்டது' என்று ஆரம்பிக்கும். 'இனி இரு தரப்பினரும் சகோதரர்களாக வாழ்வோம்' என்று முடியும். பள்ளியில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் படித்திருக்கிறோம் இல்லையா? இந்த வாக்கியத்தில் எழுவாயைத் தேடிப் பாருங்கள். சம்பவம் நடந்தது. யாரும் நடத்தவில்லை. மழை பெய்தது மாதிரி நடந்தது. கச்சாச்சாவில் அவ்வளவு குறைகள் இருந்தும், பேச எழுந்தவர் 'நான்' என்று ஆரம்பிக்க வேண்டியிருந்தது. நான் சேகரித்த தாள்களில் ஒன்றில்கூட 'நான் அடித்தேன்', 'நான் கொளுத்தினேன்' என்று ஒரு வாக்கியம் கிடையாது. திருப்பித் தரவேண்டிய பொருட்களின் பட்டியலும் கிடையாது.

2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. நகையையும் பணத்தையும் எடுத்துக்கொண்டுதான் தீ வைத்தார்கள் என்று மக்கள் சொன்னார்கள். பெங்களூரிலும் மற்ற ஊர்களிலும் கூலி வேலை பார்த்துச் சிறுகச் சிறுகக் கட்டிய காங்கிரீட் வீடுகள் அவை. அங்கே எரிந்தது கூரை மட்டுமா? இரண்டு தலைமுறை கூலி எரிந்தது. அரசு நிவாரணம் கொடுத்தது. எடுத்துக்கொண்டு போனவர்கள் எதையாவது திருப்பிக் கொடுத்தார்களா என்று எந்த அமைதிக் குழுவும் கேட்கவில்லை.

சட்டத்திலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கையும் தகுந்த நிலையில் சமரசத்தின் அடிப்படையில் ரத்து செய்யலாம் என்று 2021 அக்டோபரில் ராமாவதார் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சமரசம் மிரட்டலில் வந்ததா என்று நீதிமன்றம் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. சரி, பார்க்கட்டும். பால் கடை மூடியிருந்ததை நீதிபதி எந்த ஆவணத்தில் பார்ப்பார்?

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியென்றால் சமாதானமே வேண்டாம், தண்டனை மட்டும் போதும் என்கிறாயா?" என்று ஒரு தோழர் முன்பு ஒரு கூட்டத்தில் கேட்டார். இல்லை. நகரத்தில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டு அப்படிச் சொல்வது எனக்குச் சுலபம். ஊரில் இருக்கும் அக்காவுக்கு நாளைக்குக் களை எடுக்கப் போக வேண்டும், பிள்ளை அந்தத் தெரு வழியாகத்தான் பள்ளிக்குப் போக வேண்டும். சமாதானம் அதிகம் தேவைப்படுவது அவருக்குத்தான். ருவாண்டாவில் மன்னித்தவர்களையும் நான் ஏமாளிகள் என்று நினைக்கவில்லை. தனியாக ஒரு குன்றின்மேல் வாழும் விதவைக்கு, பக்கத்து வீட்டுக்காரரோடு பேசாமல் வாழ்நாளைக் கழிப்பது எவ்வளவு கடினம் என்று அவருக்குத்தான் தெரியும். மன்னிப்பது அவர் முடிவு. அவர் மன்னித்துத்தான் ஆக வேண்டும் என்று அரசோ, தேவாலயமோ, கோட்டாட்சியரோ, நம் இயக்கமோ சொல்லக்கூடாது. அவர் மறுத்தால் அவரைப் பழிவாங்கும் குணம் கொண்டவர் என்று பேசவும் கூடாது. மன்னித்தாலும் மாட்டுக்கணக்கு அப்படியே நிற்க வேண்டும்.

இன்னொன்று. 'மீண்டும் ஒற்றுமையாக' என்று அந்தத் தாள்களில் எழுதுகிறார்கள். இந்த 'மீண்டும்' எங்கிருந்து வந்தது? ருவாண்டாவில் டுட்சியும் ஹூட்டுவும் கல்யாணம் செய்துகொண்டார்கள், ஒரே குடத்தில் வாழைப்பழ பீர் குடித்தார்கள், அதன்பின் கொன்றார்கள். திரும்பிப் போக அவர்களுக்கு ஒரு நேற்று இருந்தது. ஊரும் சேரியும் என்றைக்கு ஒரே குடத்தில் குடித்தன? சம்பவத்துக்கு முந்தைய நாளுக்குத் திரும்புவதுதான் சமாதானம் என்றால், அந்த முந்தைய நாளில் தனிக் குவளை இருந்தது, தனிச் சுடுகாடு இருந்தது.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் பகுதியில் அடுத்த சமாதானக் கூட்டம் நடக்கும்போது பாதிக்கப்பட்ட குடும்பத்தோடு போங்கள். தனியாக அனுப்பாதீர்கள். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15-ஏ பிரிவு பாதிக்கப்பட்டவருக்கு வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும், ஜாமீன் மனுவில்கூட, தகவல் பெறவும் தன் தரப்பைச் சொல்லவும் உரிமை தருகிறது. அதன் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தாளைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். 'சம்பவம் நடந்தது' என்று வந்தால், யார் நடத்தியது என்று எழுதச் சொல்லுங்கள். எரிந்தது, உடைந்தது, காணாமல் போனது என்று வீடு வாரியாக ஒரு பட்டியலை முன்பே எழுதி எடுத்துப் போய், அதையும் தாளோடு இணைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே கூட்டம் கலைந்துவிடும். கலையட்டும், பட்டியலைப் பத்திரமாக வையுங்கள். வழக்குக்கு உதவும்.

கேள்விகள் இருந்தால் பேசலாம்.